கரையும் படிகத்துக்கு மணல் கவசம்

பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் செய்யும் ஆய்வகங்களில் கெட்ட செய்தியை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. நிறமே சொல்லிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் கன்னங்கரேலென்று பளபளத்த படலம் ஓரத்தில் மஞ்சள் தட்ட ஆரம்பித்தால், அங்கே படிகம் சிதைந்து ஈய அயோடைடு மட்டும் மிஞ்சுகிறது என்று அர்த்தம். கறுப்பாக இருக்கும்வரை அது வெயிலை விழுங்கி மின்சாரம் தரும். மஞ்சளான பிறகு ஒன்றுக்கும் உதவாது.

அந்தக் கறுப்பைக் காப்பாற்ற வேதியியலாளர்கள் பல வழிகளில் போராடுகிறார்கள். அவற்றில் சுவாரசியமான ஒன்று சிலிக்கான் சேர்மங்களின் துணையைத் தேடியது. ஆற்று மணலிலும் ஜன்னல் கண்ணாடியிலும் இருக்கும் சிலிக்காவும், அதன் நெருங்கிய சொந்தமான சிலேன்கள் என்ற மூலக்கூறுகளும், இந்தத் தொட்டாற்சிணுங்கிப் படிகத்துக்கு மெய்க்காப்பாளர்களாக வந்திருக்கின்றன.

பெரோவ்ஸ்கைட் என்ற பெயர் பழையது. 1839-இல் ரஷ்யாவின் யூரல் மலைகளில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் என்ற கனிமத்தை ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, ரஷ்யப் பிரமுகர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார். அந்தக் கனிமத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் அதே ஒழுங்கில் அமைந்த எந்தப் பொருளுக்கும் இன்று இந்தப் பெயர்தான். ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில் நடுவே ஈய அயனி இருக்கும். அதைச் சுற்றி ஆறு பக்கமும் அயோடைடு, புரோமைடு அல்லது குளோரைடு அயனிகள். இப்படி அமைந்த எண்முகிகள் ஒன்றோடொன்று முனை கோத்து நிற்க, இடைவெளிகளில் மீத்தைல் அமோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் போன்ற அயனிகள் உட்கார்ந்திருக்கும்.

2009-இல் ஜப்பானின் யோகோஹாமா தோயின் பல்கலைக்கழகத்தில் சுதோமு மியாசகாவும் அவருடைய மாணவர் அகிஹிரோ கோஜிமாவும் இந்தப் பொருளை வைத்து மின்கலம் செய்தார்கள். கிடைத்த செயல்திறன் வெறும் 3.8 சதவீதம். அதைவிடப் பெரிய சிக்கல், மின்கலத்துக்குள் இருந்த திரவமே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 2012-இல் தென்கொரியாவின் நாம்-க்யூ பார்க் குழுவும், பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த் குழுவும் திரவத்தைத் தூக்கிவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள். செயல்திறன் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மின்கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 6 சதவீதத்தில் தொடங்கி இந்த உயரத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

வேகத்துக்குக் காரணம், செய்வதில் இருக்கும் எளிமை. சிலிக்கானை 1,414 டிகிரி செல்சியஸில் உருக்கி, கட்டியாக வளர்த்து, தகடு தகடாக அறுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டின் மூலப்பொருள்களைக் கரைப்பானில் கரைத்துக் கண்ணாடி மேல் ஊற்றி, சுழற்றி, சுமார் 100 டிகிரியில் சூடாக்கினால் படலம் தயார். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனே வெயிலை உறிஞ்சப் போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இன்னும் லாபம். சீனாவின் லாங்கி நிறுவனம் சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய ஈரடுக்கு மின்கலத்தில் 2024-இல் 34.6 சதவீதத்தைத் தொட்டது. தனிச் சிலிக்கானால் கோட்பாட்டளவில்கூட இந்த எண்ணை எட்ட முடியாது.

உப்பின் குணம்

இத்தனை சுலபமாக உருவாகும் பொருள் அத்தனை சுலபமாகக் குலையவும் செய்யும். ஹாலைடு பெரோவ்ஸ்கைட் அடிப்படையில் உப்பு வகை. அயனிகள் எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் மூடாத ஜாடியில் உப்பு நீர்த்துப் போவதைப் போல, காற்றிலுள்ள ஈரம் பட்டாலே இந்தப் படிகமும் இளக ஆரம்பித்துவிடும். முதலில் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து படிகத்தோடு சேர்ந்துகொள்ளும். பிறகு மீத்தைல் அமோனியம் பிரிந்து வெளியேறும். கடைசியில் மிஞ்சுவது மஞ்சள் ஈய அயோடைடு.

ஈரம் மட்டும் எதிரி அல்ல. வெப்பம், புறஊதாக் கதிர், ஆக்சிஜன், மின்புலம் எல்லாமே சேர்ந்து தாக்கும். சூரிய மின்கலத்தை வெயிலில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? அயோடைடும் புரோமைடும் கலந்த படிகத்தில் வெளிச்சம் விழுந்தால் இரண்டும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடும் விநோதமும் உண்டு. சீசியம் ஈய அயோடைடு போன்றவை ஈரம் உள்ளே புகாவிட்டாலும், படிக அமைப்பை மாற்றிக்கொண்டு கறுப்பிலிருந்து மஞ்சளுக்குத் தாவிவிடும்.

சிதைவு பெரும்பாலும் தொடங்கும் இடங்கள் மூன்று: படிகத்தின் மேற்பரப்பு, படலத்தில் ஒரு படிக மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே உள்ள எல்லை, பெரோவ்ஸ்கைட்டும் அடுத்த படலமும் சந்திக்கும் இடைமுகம். அங்கே அயனிகளுக்குப் பிடிமானம் குறைவு. சில இடங்களில் அயனியே இருக்காது, வெற்றிடம்தான். அந்த ஓட்டைகளை அடைத்து, மேலே நீர் புகாத போர்வை போர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். சிலிக்கான் சேர்மங்கள் கைகொடுப்பது இங்கேதான்.

நான்கு கைகள் உள்ள மூலக்கூறு

சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது. அதனால்தான் மணலும் கண்ணாடியும் தண்ணீரில் கிடந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் அசையாமல் இருக்கின்றன. ஆனால் மணலைக் கொண்டுபோய் நேரடியாகப் படிகத்தின் மேல் பூச முடியாது. அதற்கு இடைத்தரகர் வேண்டும். அந்த வேலையைத்தான் சிலேன்கள் செய்கின்றன.

சிலேன் மூலக்கூறின் நடுவே ஒரு சிலிக்கான் அணு. அதற்கு நான்கு கைகள். வழக்கமாக மூன்று கைகளில் மீத்தாக்ஸி அல்லது ஈத்தாக்ஸி தொகுதிகள் இருக்கும். நான்காவது கையில் வேதியியலாளர் தன் விருப்பப்படி எதையும் மாட்டிக்கொள்ளலாம்: அமீன், அயோடின், தண்ணீரை வெறுக்கும் நீண்ட கார்பன் சங்கிலி. துளி ஈரம் பட்டால் முதல் மூன்று கைகளும் ஆல்கஹாலை உதிர்த்துவிட்டு, பக்கத்து சிலேனோடு ஆக்சிஜன் பாலம் போட்டுக் கைகோத்துக்கொள்ளும். கோத்துக் கோத்து வலையாகும். வலை இறுகினால் சிலிக்கா. தொழிற்சாலைகளுக்கு இது புதிதல்ல. ஃபைபர் கிளாஸில் கண்ணாடி இழையையும் பிசினையும் பிரியாமல் ஒட்டவைப்பது சிலேன்தான்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. சிலேன் சிலிக்காவாக மாறத் தண்ணீர் தேவை. பெரோவ்ஸ்கைட்டுக்கோ தண்ணீர்தான் எமன். நுண்துகள்கள் மேல் சிலிக்கா பூசுவதற்கு 1968 முதல் புழக்கத்தில் இருக்கும் ஸ்டோபர் முறையில் தண்ணீர், ஆல்கஹால், அம்மோனியா மூன்றும் வேண்டும். அந்தக் கலவையில் பெரோவ்ஸ்கைட்டைப் போட்டால் கவசம் உருவாகும் முன்பே உள்ளே இருப்பது கரைந்துபோகும்.

பச்சையும் சிவப்பும் கலந்தால்

இந்தச் சங்கடத்துக்கு முதலில் விடை கிடைத்தது சூரிய மின்கலத்தில் அல்ல, ஒளிரும் துகள்களில். 2015-இல் சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் கல்வி நிறுவனத்தில் லொரெடானா புரோட்டெசெஸ்கு, மக்சிம் கொவலென்கோ குழுவினர் சீசியம் ஈய ஹாலைடை நானோமீட்டர் அளவுப் படிகங்களாகச் செய்து காட்டினார்கள். குளோரைடு, புரோமைடு, அயோடைடு விகிதத்தை மாற்றினால் ஊதாவிலிருந்து சிவப்பு வரை விரும்பிய நிறத்தில் ஒளிரும். நிறம் அவ்வளவு சுத்தம். உறிஞ்சும் ஒளித்துகள்களில் 90 சதவீதம் வரை திரும்ப ஒளியாக வந்தது. டி.வி. திரைக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று பலரும் குதித்தார்கள்.

குதித்தவர்கள் சீக்கிரமே தரைக்கு வந்தார்கள். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இந்த நுண்படிகங்களைச் சுற்றி ஓலியிக் அமிலமும் ஓலைல் அமீனும் போர்வையாக இருக்கின்றன. ஆனால் அவை உறுதியாக ஒட்டிக்கொள்ளாமல் வருவதும் போவதுமாக இருக்கும். கழுவிச் சுத்தம் செய்தாலே உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் ஒளி மங்கும். இன்னொரு தலைவலியும் உண்டு. புரோமைடு உள்ள பச்சைப் புள்ளியையும் அயோடைடு உள்ள சிவப்புப் புள்ளியையும் ஒரே குப்பியில் கலந்தால் இரண்டும் அயனிகளைப் பண்டமாற்று செய்துகொள்ளும். பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நடுவே ஏதோ ஒரு நிறமாகிவிடும். பச்சை, சிவப்பு இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் நீல எல்.இ.டி. மேல் பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடியும்.

2016-இல் ஒரே ஆண்டுக்குள் பல குழுக்கள் இதற்கு வழி கண்டன. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகக் குழு கையில் எடுத்தது அமினோபுரோப்பைல் டிரைஈத்தாக்ஸி சிலேன். அவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். புள்ளிகள் உருவாகும்போதே இந்தச் சிலேனையும் குடுவையில் சேர்த்துவிட்டார்கள். அதன் அமீன் முனை படிகத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டது. ஈத்தாக்ஸி கைகள் மூன்றும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு குடுவையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. மூடியைத் திறந்து வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். அறைக்காற்றில் இருந்த ஈரமே மெதுவாக உள்ளே இறங்கியது. இறங்கிய ஈரம் படிகத்தைத் தொடும் முன்பே ஈத்தாக்ஸி கைகள் அதைத் தின்று தீர்த்தன. தின்றது அத்தனையும் சிலிக்காவாக இறுகியது. எதிரியையே கூலிக்கு வைத்துக் கோட்டை கட்டிக்கொண்ட கதை இது.

ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தில் டெட்ராமீத்தைல் ஆர்த்தோசிலிக்கேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வழக்கமான ஈத்தைல் வகையைவிட வேகமாக வினைபுரியும். டொலுவீன் கரைப்பானில் இயல்பாகவே இருக்கும் இம்மியளவு ஈரமே அதற்குப் போதும். ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே ரோகாச் குழு இன்னொரு பாதையில் போனது. சிலிக்கானும் ஆக்சிஜனும் கூண்டு வடிவில் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும் மூலக்கூறுகளை எடுத்துப் புள்ளிகளைச் சுற்றிப் போர்த்தினார்கள். வலை பின்ன வேண்டிய வேலையே இல்லை. போர்த்திய பச்சைப் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் கலந்தபோது பண்டமாற்று நின்றது. தண்ணீரையும் அவை தாங்கின.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2020-இல் வந்தது. ஷாங்காய் ஜியாவோ தோங்கின் லியாங் லி குழு, நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா சல்லடைக்குள் பெரோவ்ஸ்கைட்டின் மூலப்பொருள்களை ஏற்றி, 600 முதல் 900 டிகிரி வரை சூடாக்கியது. அந்தச் சூட்டில் துளைகள் சரிந்து மூடிக்கொண்டன. உள்ளே உருவான சீசியம் ஈய புரோமைடு படிகங்கள் கண்ணாடிக்குள் சமாதியானதுபோல அடைபட்டன. கிடைத்த பொடி ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் 50 நாள் கிடந்தும் தப்பியது. நீல எல்.இ.டி. சில்லின் மேல் 1,000 மணி நேரம் எரிந்தும் ஒளி குறையவில்லை. காற்றுப் பட்டாலே கலங்கிய பொருள், அமிலத்தில் குளித்து எழுந்தது.

வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது

அப்படியானால் சூரிய மின்கலத்தையும் இப்படியே சிலிக்காவில் புதைத்துவிடலாமே? முடியாது. சிலிக்கா வெளிச்சத்துக்கு வழிவிடும், மின்சாரத்துக்குக் கதவடைத்துவிடும். அது நல்ல மின்காப்பு. ஒளிரும் பொடிக்கு உள்ளே போவதும் ஒளி, வெளியே வருவதும் ஒளி என்பதால் கவசம் எவ்வளவு தடித்தாலும் பெரிதாகக் கேடில்லை. மின்கலத்துக்குள் உருவாகும் எலக்ட்ரான்களோ வெளியே வந்தாக வேண்டும். கவசம் ஓரிரு மூலக்கூறுத் தடிமனைத் தாண்டினால் வழி அடைபட்டுவிடும். ஒரே வேதியியல் இரண்டு துறைகளிலும் இரு வேறு வடிவம் எடுப்பதற்குக் காரணம் இதுதான்: விளக்குக்கு மதில், மின்கலத்துக்குத் தாழ்ப்பாள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஜின்சோங் ஹுவாங் குழு 2016-இல் பெரோவ்ஸ்கைட்டைத் தொடவே இல்லை. அதன் மேலே எலக்ட்ரான்களைக் கடத்தும் ஃபுல்லரீன் படலத்தில், தண்ணீரை விரட்டும் சிலேன்களைப் பிணைத்து வலையாக்கியது. மின்கடத்தல் குறையாமலிருக்க மீத்தைல் அமோனியம் அயோடைடையும் அதில் கலந்தார்கள். 19.5 சதவீதச் செயல்திறன் கிடைத்தது. உறையிட்டு மூடாமல் சாதாரணக் காற்றில் 30 நாள் வைத்தும் ஆரம்பத் திறனில் ஏறக்குறைய 90 சதவீதம் தங்கியது.

2021-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நிதின் பட்டூரே குழு கண்வைத்தது இடைமுகத்தின் மேல். படலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று உரிந்துவிடுவதும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பது அவர்கள் கணிப்பு. அயோடின் முனை கொண்ட சிலேனை ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினார்கள். சிலேன் முனை கீழேயுள்ள ஆக்சைடு படலத்தைக் கவ்வியது. அயோடின் முனை பெரோவ்ஸ்கைட்டைப் பற்றியது. ஒட்டும் உறுதி 50 சதவீதம் கூடியது. செயல்திறனும் 20.2-இலிருந்து 21.4 சதவீதமானது. திறன் 80 சதவீதமாகக் குறையும் காலம் சுமார் 700 மணியிலிருந்து 4,000 மணியாக நீளும் என்று கணக்கிட்டார்கள்.

2024-இல் யென்-ஹுங் லின், ஹென்றி ஸ்னெய்த் உள்ளிட்டோர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட முறை இன்னும் மென்மையானது. கரைப்பானே இல்லாமல், அமினோ சிலேனை ஆவியாகப் படலத்தின் மேல் படியவிட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் தெரியவந்தது. முதல்நிலை அமீன் மட்டும், இரண்டாம்நிலை அமீன் மட்டும், மூன்றாம்நிலை அமீன் மட்டும் உள்ள சிலேன்களால் பயனில்லை. சில கெடுதலும் செய்தன. முதல்நிலையும் இரண்டாம்நிலையும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருந்தபோது படலத்தின் ஒளிரும் திறன் 60 மடங்கு வரை எகிறியது. ஒளிர்வுக்கும் மின்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படிகத்தில் ஓட்டைகள் இருந்தால் எலக்ட்ரான்கள் அவற்றில் விழுந்து வெப்பமாக வீணாகும். நன்றாக ஒளிர்கிறது என்றால் ஓட்டைகள் அடைபட்டன என்று பொருள். மின்னழுத்த இழப்பும் குறையும். இந்த மின்கலங்கள் 85 டிகிரி வெப்பத்தில், முழு வெயிலுக்கு நிகரான ஒளியில், 50 முதல் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 1,500 மணி நேரத்துக்கு மேல் நின்றும் 95 சதவீதத் திறனைத் தக்கவைத்தன. 2009-இல் நிமிடங்களில் கரைந்த பொருளின் வாரிசு இது.

கணக்கு எங்கே நிற்கிறது

சிலிக்கான் சேர்மம் சர்வரோக நிவாரணி அல்ல. அறை வெப்பநிலையில் உருவாகும் சிலிக்காவில் நுண்துளைகள் மிஞ்சும். ஈரம் மெதுவாகவேனும் நுழையும். ஒரு கவசத்துக்குள் ஒரே புள்ளியை அடைப்பது கடினம். பல புள்ளிகள் ஒன்றாகச் சிக்கிக் கட்டியானால் திரையில் அச்சிடும் மையாக அதைப் பயன்படுத்த முடியாது. வெளிச்சம் பட்டதும் படிகத்துக்கு உள்ளேயே அயனிகள் இடம்பெயர்வதை வெளிப்போர்வை முழுதாகத் தடுக்காது. அதற்குப் படிகத்தின் கலவையையே திருத்த வேண்டியிருக்கிறது. ஈயத்தின் நச்சு வேறு. பேனல் உடைந்து மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் தயாரிப்பாளர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே கடைத்தெருவும் காத்திருக்கவில்லை. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட் பி.வி. நிறுவனம் ஜெர்மனியில் உள்ள தன் ஆலையில் தயாரித்த ஈரடுக்கு பேனல்களை 2024-இல் அமெரிக்க மின்நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த பேனலின் செயல்திறன் 24.5 சதவீதம்.

ஆனால் வீட்டு மாடியில் பேனல் போட நினைப்பவர் பார்க்க வேண்டிய எண் செயல்திறன் மட்டும் அல்ல. சந்தையில் உள்ள சிலிக்கான் பேனல்களுக்கு வழக்கமாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். 25 ஆண்டு என்பது 2,19,000 மணி நேரம். இரவைக் கழித்தால்கூட ஒரு லட்சம் மணி நேரம். ஆய்வகம் பெருமையோடு சொல்லும் 1,500 மணி நேரம் என்பது இரண்டு மாதச் சொச்சம். 85 டிகிரி சூட்டில் தாக்குப்பிடித்த இரண்டு மாதம் சாதாரண வெயிலில் பல மடங்குக்குச் சமம் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை மடங்கு என்று அடித்துச் சொல்ல, திறந்தவெளியில் மழையும் வெயிலும் பட்டுப் பல ஆண்டு ஓடிய பேனல்களின் பதிவுகள் வேண்டும். சிலேன்களும் மற்ற மேம்பாடுகளும் சேர்ந்து இந்தப் பொருளை நிமிடங்களிலிருந்து மாதங்களுக்குக் கொண்டுவந்துவிட்டன. மாதங்களை ஆண்டுகளாக்கும் வேலை இனிமேல்தான் நடந்தாக வேண்டும். அதுவரை பெரோவ்ஸ்கைட் பேனல் விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் என்று அல்ல, எத்தனை வருட உத்தரவாதம் என்றுதான்.